சிங்கப்பூர் – நியூயார்க் இடைநில்லா விமானம்: தூரம் எவ்வளவு, உண்மையான பயண நேரம் எவ்வளவு?

எழுதியவர்: தெம்பனிஸ் வாசகி

அனைவருக்கும் வணக்கம். வரும் டிசம்பரில் என் பெற்றோர் சிங்கப்பூரிலிருந்து நியூ ஜெர்சியில் வசிக்கும் என் தம்பியின் வீட்டுக்குச் செல்லவிருக்கிறார்கள். அப்பாவுக்கு 74 வயது; நெடுநேரம் உட்கார்ந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். ஆகவே பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே தூரத்தையும் நேரத்தையும் சரியாகத் தெரிந்துகொள்ள விரும்பினேன். தேடத் தேடக் குழப்பம்தான் கூடுகிறது.

சாங்கியிலிருந்து ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் வரை 15,349 கிலோமீட்டர் என்று தூரம் கணக்கிடும் தளங்கள் காட்டுகின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018-இல் நியூவர்க் விமான நிலையத்துக்கு நேரடிச் சேவையை மீண்டும் தொடங்கியபோது, பயண தூரம் சுமார் 16,700 கிலோமீட்டர் என்றும், பயண நேரம் 18 மணி 45 நிமிடம் வரை ஆகலாம் என்றும் அறிவித்திருந்தது. கென்னடியும் நியூவர்க்கும் ஒரே பெருநகரத்தின் இரு பக்கங்களில் இருப்பவை. அப்படியிருக்க, 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேறுபாடு எங்கிருந்து வருகிறது? மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்து வகுத்தால் முதல் கணக்குக்கு 17 மணி நேரமும் இரண்டாவதற்குப் பதினெட்டரை மணி நேரமும் வருகின்றன. பயணச்சீட்டு விற்கும் தளத்திலோ, நண்பகல்வாக்கில் புறப்படும் விமானம் அதே நாள் மாலையில் நியூயார்க்கை அடைவதாகப் போட்டிருக்கிறது.

இவற்றில் எதை நம்புவது? நேரே செல்வது நல்லதா, ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஏறுவது நல்லதா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

*

எழுதியவர்: வான்தடம்

வணக்கம் அம்மா. விமானப் பயணத் திட்டமிடும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். நீங்கள் குறிப்பிட்ட எண்கள் எல்லாமே சரியானவைதான். ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கு விடையாக இருக்கிறது.

15,349 கிலோமீட்டர் என்பது பூமியின் பரப்பின் மேல் இரண்டு விமான நிலையங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம். நியூவர்க்குக்கு அதே முறையில் கணக்கிட்டால் 15,344 கிலோமீட்டர் வரும். ஐந்து கிலோமீட்டர்தான் வித்தியாசம். வீட்டில் உலக உருண்டை இருந்தால் சிங்கப்பூரில் நூலின் ஒரு முனையை வைத்து மறு முனையை நியூயார்க்குக்கு இழுத்துப் பிடித்துப் பாருங்கள். சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தைப் பார்த்தே பழகிய நமக்கு வியப்பாக இருக்கும்: நூல் பசிபிக் பெருங்கடலின் மீதும் போகாது, ஐரோப்பாவின் மீதும் போகாது. சிங்கப்பூரின் தீர்க்கரேகை ஏறக்குறைய 104 பாகை கிழக்கு. நியூயார்க்கினுடையது ஏறக்குறைய 74 பாகை மேற்கு. இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 178 பாகை இருப்பதால், பூமியின் ஒரு பக்கமும் அதன் நேர் மறுபக்கமும் என்றே சொல்லிவிடலாம். அதனால் குறுகிய வழி நேர் வடக்கே கிளம்பி, தாய்லாந்து, லாவோஸ், சீனா, மங்கோலியா, சைபீரியா ஆகியவற்றைக் கடந்து, வட துருவத்திலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் சென்று, கனடாவின் ஆர்க்டிக் தீவுகள் வழியாகத் தெற்கே இறங்குகிறது.

அந்தக் கோட்டின் மேலேயே விமானம் பறப்பதில்லை. அதற்கு முதன்மையான காரணம் காற்று. ஏறக்குறைய 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், நடு அட்சரேகைப் பகுதிகளில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் காற்றோட்டம் என்ற வேகமான காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் அது வலுத்து, ஜப்பானுக்கு மேலேயும் அதன் கிழக்கே பசிபிக்கிலும் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம். விமானத்தின் வேகம் என்று நாம் சொல்லும் 900 கிலோமீட்டர், சுற்றியுள்ள காற்றை ஒப்பிட்ட வேகமே தவிர, தரையை ஒப்பிட்ட வேகம் அன்று. காற்று பின்னால் இருந்து தள்ளினால் தரைவேகம் ஆயிரத்தைத் தாண்டும். முன்னால் இருந்து எதிர்த்தால் எண்ணூறுக்கும் கீழே இறங்கும்.

இதை ஓர் எளிய கணக்கில் பார்க்கலாம். 15,349 கிலோமீட்டர் குறுகிய வழியில் சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரைவேகம் 840 ஆகும், பறக்கும் நேரம் 18 மணி 16 நிமிடம் ஆகும். 16,700 கிலோமீட்டர் சுற்று வழியில் அதே 60 கிலோமீட்டர் பின்காற்றாகக் கிடைத்தால் தரைவேகம் 960 ஆகும், நேரம் 17 மணி 24 நிமிடம்தான். ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தும் ஐம்பது நிமிடத்துக்கு முன்பே போய்ச் சேர்கிறது; எரிபொருளும் மிச்சம். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் செல்லும் விமானம் பெரும்பாலும் தைவான், ஜப்பான் பக்கமாக வடகிழக்கே ஏறி, வட பசிபிக்கைக் கடந்து, வட அமெரிக்காவுக்குள் நுழைவது இந்தக் காற்றுக்காகத்தான். நிறுவனம் அறிவித்த 16,700 கிலோமீட்டர் இப்படிப் பறக்கத் திட்டமிடும் தூரம்.

இந்த வழியும் நிலையானதன்று. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு வெளிவரும் காற்று முன்னறிவிப்பை வைத்து ஒவ்வொரு நாளும் புதிதாகக் கணக்கிடுவார்கள். விமானி கையில் வாங்கும் பயணத் திட்டத்தில் பசிபிக்கின் நடுவே உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வரி இருக்கும்: அந்த இடத்தில் காற்றின் திசையும் வேகமும், வெளி வெப்பநிலை, அங்கே போய்ச் சேரும் நேரம், அப்போது தொட்டியில் மிஞ்சியிருக்க வேண்டிய எரிபொருள். பறக்கும்போது அந்த வரிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, கணக்குக்கும் நிலைமைக்கும் இடைவெளி விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே போவார்கள். எனவே நேற்றைய விமானம் எடுத்துக்கொண்ட நேரம் இன்றைய விமானத்துக்குப் பொருந்தாது.

நேரத்தை நிர்ணயிக்கும் இன்னொன்று எடை. இந்தத் தடத்துக்கென்றே உருவான ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் விமானத்தில் 1,65,000 லிட்டர் எரிபொருள் நிரப்ப முடியும். வழக்கமான ஏ350-900-இன் கொள்ளளவு சுமார் 1,41,000 லிட்டர். தொட்டி முழுதும் நிரம்பினால் எரிபொருளின் எடை மட்டுமே 130 டன்னைத் தொடும், விமானம் மேலேறுவதற்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையோ 280 டன். ஏறத்தாழப் பாதி எரிபொருள்தான். அந்த எரிபொருளில் கணிசமான பங்கு மீதி எரிபொருளைச் சுமப்பதற்கே எரிந்துபோகிறது என்பதால், பயணிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. மொத்தம் 161 இருக்கைகள்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. உங்கள் அப்பாவின் முழங்காலுக்கு இது நல்ல செய்தி, கட்டணத்துக்கு நல்ல செய்தியன்று.

இதே தடத்தில் 2004-இல் நான்கு இயந்திரங்கள் கொண்ட ஏ340-500 விமானத்தை ஓட்டினார்கள். பிற்பாடு அதில் நூறே நூறு பிசினஸ் இருக்கைகளை மட்டும் வைத்துப் பார்த்தும் எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013 நவம்பரில் சேவையை நிறுத்தினார்கள். இரண்டே இயந்திரங்களில் அதே தூரத்தைக் கடக்கும் விமானம் வந்த பிறகே, 2018 அக்டோபரில் மீண்டும் தொடங்க முடிந்தது. அந்த முதல் பயணம் 18 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே எடுத்துக்கொண்டது. கென்னடிக்கான இடைநில்லாச் சேவை 2020 நவம்பரில் வந்தது.

கடைசியாக, அட்டவணையில் போடும் நேரத்தில் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. விமானம் வாயிலைவிட்டு நகரத் தொடங்கியதிலிருந்து மறுமுனையில் வாயிலை அடைந்து நிற்கும் வரை உள்ள முழு நேரமும் அதில் அடங்கும். கென்னடி போன்ற நெரிசலான விமான நிலையத்தில் தரையில் ஊர்ந்து செல்வதற்கும் ஓடுபாதைக்கு வரிசையில் நிற்பதற்கும் அரை மணி நேரத்துக்கு மேல் போய்விடலாம். 18 மணி 45 நிமிடம் என்பதை, பெரும்பாலும் தாண்டாத உச்ச அளவாக எடுத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

*

எழுதியவர்: ஜூரோங் ஆசிரியர்

ஐயாவின் விளக்கம் மிகத் தெளிவாக இருக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட் வழியைப் பற்றி நான் எழுதுகிறேன். அந்த வழியாகவும் நேரடியாகவும் பயணம் செய்த அனுபவம் உண்டு.

தூரத்தை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சிங்கப்பூர் – ஃபிராங்க்ஃபர்ட் குறுகிய கோட்டில் சுமார் 10,300 கிலோமீட்டர், ஃபிராங்க்ஃபர்ட் – கென்னடி சுமார் 6,200 கிலோமீட்டர், கூட்டினால் 16,500. நேரம்தான் கூடுகிறது. முதல் பகுதிக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல், இடையில் ஃபிராங்க்ஃபர்ட்டில் இரண்டு மணி நேரம்போல, அடுத்த பகுதிக்கு எட்டு, ஒன்பது மணி நேரம். ஆக, வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பியதிலிருந்து எண்ணினால் ஒரு நாளைத் தாண்டிவிடும். அட்லாண்டிக்கை மேற்கு நோக்கிக் கடக்கும்போது ஜெட் காற்று எதிராக வீசும் என்பதால் அந்தப் பகுதியில் சிக்கனமும் கிடைப்பதில்லை.

நடுவில் இறங்கினால் கால்களுக்கு ஓய்வு கிடைக்கும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அங்கே கிடைப்பது பாதுகாப்புச் சோதனை வரிசையும் நீண்ட நடைவழிகளும்தான். முழங்கால் வலி உள்ளவருக்கு உட்கார்ந்திருக்கும் நேரத்தைவிட, தூக்கக் கலக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு விரைவது கடினமாக இருக்கும். உலகச் சுகாதார அமைப்பு 2007-இல் வெளியிட்ட ஆய்வு முடிவின்படி, நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் பயணம் செய்தாலே கால்களின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது; உடல்நலம் உள்ளவர்களுக்கு அது ஆறாயிரத்தில் ஒருவர் என்ற அளவுதான் என்றாலும், பயண நேரம் நீள நீளவும், குறுகிய காலத்துக்குள் பல விமானங்களில் ஏறினாலும் அது கூடுகிறது. பதின்மூன்று மணி நேரமும் எட்டு மணி நேரமும் அந்த எல்லையைத் தாண்டியவையே. ஆகவே எந்த வழியில் போனாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், அழுத்தக் காலுறை அணியலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். நடைபாதை ஓர இருக்கையாக எடுங்கள். சன்னல் ஓரம் வேண்டாம்.

என் கருத்தில், கட்டணம் தாங்குமானால் நேரடி விமானமே உங்கள் பெற்றோருக்கு ஏற்றது. சக்கர நாற்காலி உதவியைச் சீட்டு எடுக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

*

எழுதியவர்: எடிசன்வாசி

நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். இத்தனை பேச்சுக்கு நடுவில் ஒன்றைத் தவற விட்டுவிட வேண்டாம். தம்பி வீடு நியூ ஜெர்சியில் என்றால் கென்னடியை ஏன் பார்க்கிறீர்கள்? நியூவர்க் விமான நிலையம் நியூ ஜெர்சியிலேயே இருக்கிறது. கென்னடியில் இறங்கினால் நியூயார்க் நகரத்தை ஊடறுத்து, பாலங்களையும் சுரங்கப் பாதைகளையும் கடந்து வர வேண்டும். மாலை நெரிசலில் அதற்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். வானில் ஐந்து கிலோமீட்டர் வேறுபாடு, தரையில் ஒரு மாலைப் பொழுதையே விழுங்கிவிடுகிறது. நியூவர்க் விமானம் சிங்கப்பூரில் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி, இங்கே விடியற்காலையில் வந்து சேர்கிறது. ஏறியதும் தூங்கும் நேரம்தான் என்பதால் பெரியவர்களுக்கு அதுவும் ஒரு வசதி.

*

எழுதியவர்: தெம்பனிஸ் வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நியூவர்க் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தம்பியும் அதையே எடுக்கச் சொல்லிவிட்டான். வான்தடம் ஐயாவிடம் இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. போகும்போது காற்று பின்னால் இருந்து தள்ளுகிறது என்றால், திரும்பி வரும்போது அதே காற்று எதிராக வீசிப் பயணம் இன்னும் நீளுமா? ரஷ்ய வான்வெளியைப் பல நிறுவனங்கள் இப்போது தவிர்க்கின்றனவே, அது இந்தப் பயணத்தையும் பாதிக்கிறதா?

*

எழுதியவர்: வான்தடம்

நல்ல கேள்வி அம்மா. வந்த வழியே திரும்பினால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். அதனாலேயே பெரும்பாலும் அந்த வழியில் திரும்புவதில்லை. நியூயார்க்கிலிருந்து கிளம்பும் விமானம் அநேக நாட்களில் அட்லாண்டிக்கைக் கடந்து, ஐரோப்பாவின் மேல் பறந்து, கருங்கடல், காஸ்பியன் பகுதிகளை ஒட்டி ஆசியாவுக்குள் நுழைந்து, இந்தியாவின் மேலும் வங்காள விரிகுடாவின் மேலும் வந்து சாங்கியில் இறங்குகிறது. அதாவது போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. இரண்டு முறையும் ஜெட் காற்றோட்டம் முதுகுப் பக்கமாகவே கிடைக்கும்படி வழி அமைக்கிறார்கள். உங்கள் பெற்றோர் இவ்வாறு சென்று திரும்பினால் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்திருப்பார்கள். இரு விமான நிலையங்களும் பூமியின் எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் அமைந்திருப்பதால்தான் இது இயலுகிறது. சிங்கப்பூர் – லண்டன் போன்ற தடத்தில் இப்படிச் செய்ய வழியே இல்லை, அங்கே மேற்கு நோக்கிப் போகும்போது எதிர்க்காற்றைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆயினும் திரும்பும் பயணத்தில் கடைசிப் பகுதி வெப்ப மண்டலத்தில் அமைவதால் அங்கே பெரிய பின்காற்று கிடைக்காது. அட்டவணையில் இரு திசைகளுக்கும் ஏறக்குறைய பதினெட்டு முதல் பத்தொன்பது மணி நேரத்துக்குள்தான் போட்டிருப்பார்கள்.

ரஷ்ய வான்வெளியைப் பொறுத்தவரை, 2022-க்குப் பிறகு மிகக் கடுமையாக அடிபட்டவை ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் இடையிலான தடங்கள். ஹெல்சிங்கி – டோக்கியோ தடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: சைபீரியாவின் மேல் ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த பயணம், அந்த ஆண்டு மார்ச் முதல் வட துருவத்தின் வழியாகவோ தெற்கே சுற்றியோ ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம் ஆயிற்று. இரு விமான நிலையங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, நேர்த் தூரமும் மாறவில்லை. நேரம் மூன்று மணிக்கு மேல் கூடிவிட்டது. சிங்கப்பூர் – நியூயார்க் தடம் பசிபிக் வழியாகச் செல்லும்போது ரஷ்யாவைத் தொட வேண்டியதில்லை என்பதால் இந்த அளவு பாதிப்பு அதற்கு இல்லை. துருவத்தை ஒட்டிய அந்தக் குறுகிய வழியை மட்டும் பயன்படுத்த முடியாமல் போகிறது. திரும்பும் வழியில் மேற்காசியாவில் பதற்றம் எழுந்து வான்வெளிகள் மூடப்பட்டால், சுற்றிக்கொண்டு வருவதில் சற்றுத் தாமதம் ஏற்படக்கூடும்.

*

எழுதியவர்: ஜூரோங் ஆசிரியர்

நேர வேறுபாட்டைப் பற்றி ஒரு சொல். டிசம்பரில் சிங்கப்பூர் நியூயார்க்கைவிடப் பதின்மூன்று மணி நேரம் முன்னால் இருக்கும். கோடையில் அமெரிக்கர்கள் கடிகாரத்தை மாற்றிக்கொள்வதால் பன்னிரண்டு மணி நேரம். நண்பகலில் கிளம்பும் விமானம் அதே நாள் மாலையில் சேர்வதாகக் காட்டுவது இதனால்தான். பசிபிக்கின் நடுவே தேதிக் கோட்டைக் கிழக்கு நோக்கிக் கடக்கும்போது நாட்காட்டி ஒரு நாள் பின்னால் போகிறது. திரும்பும்போது அந்தக் கோட்டைத் தொடுவதே இல்லை: திங்கள் இரவு பத்தரை மணிக்கு நியூயார்க்கில் ஏறினால், பதினெட்டரை மணி நேரப் பயணமும் பதின்மூன்று மணி நேர வேறுபாடும் சேர்ந்து, சிங்கப்பூரில் இறங்குவது புதன் காலை ஆறு மணிக்கு. இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கு மாத்திரை எடுப்பவர்களானால் எந்த ஊர் நேரப்படி விழுங்குவது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும்.

*

எழுதியவர்: எடிசன்வாசி

அழைத்துச் செல்ல வரும் தம்பிக்கும் இந்தச் செய்தி போய்ச் சேரட்டும். நள்ளிரவுக்குச் சற்று முன்பு சிங்கப்பூரில் கிளம்பும் விமானம் மறுநாள் தேதியில் விடியற்காலை இங்கே வருகிறது. நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டால் அதே தேதியாகிவிடும். எனவே சீட்டில் உள்ள வருகைத் தேதியை அப்படியே அனுப்பிவிடுங்கள், மனக்கணக்குப் போட வேண்டாம். பசிபிக்கின் மேல் காற்று நன்றாக இருக்கும் குளிர்கால நாட்களில் விமானம் அட்டவணைக்கு அரை மணி நேரம் முன்பே தரையிறங்குவதும் உண்டு. சக்கர நாற்காலியில் வருபவர்களைக் குடிநுழைவுச் சோதனையில் பெரும்பாலும் தனி வரிசையில் அழைத்துச் செல்வார்கள், ஆகவே வெளியே வரவும் அதிக நேரம் ஆகாது. டிசம்பர் விடியற்காலையில் இங்கே உறைபனிக் குளிர் இருக்கும். கம்பளி மேலங்கியைப் பெட்டியில் வைக்காமல் கையிலேயே கொண்டுவரச் சொல்லுங்கள்.